மதுரை – பழனி பாதயாத்திரை: ராத்திரி எங்கே தங்குகிறீர்கள்? பழைய சத்திரம் ஏதாவது திறந்திருக்கிறதா?

வைகைத்தென்கரை

எல்லோருக்கும் வணக்கம். பழனிக்கு நடக்கத் தொடங்கி ஆறு தை ஆகிவிட்டது. முதல் மூன்று வருடம் ஒரு பெரிய குழுவோடு போனேன். குருசாமி, சாமான் டெம்போ, சமையல் ஆள், மைக்செட் எல்லாம் கூடவே வரும். அப்புறம் நானும் நாத்தனாரும் தெருப் பெண்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் தனியாகவே கிளம்ப ஆரம்பித்தோம். பெரிய குழு மூன்று நாளில் போய்விடும். எங்களுக்கு ஐந்து நாள் வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் பரங்குன்றத்தில் கும்பிட்டு, மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு மீனாட்சியம்மன் கோயில் வாசலில் சூடம் ஏற்றிக் கிளம்புவோம். முதல் நாள் வாடிப்பட்டி. இரண்டாம் நாள் அம்மையநாயக்கனூர் தாண்டிச் சின்னாளபட்டி. மூன்றாம் நாள் திண்டுக்கல்லைக் கடந்து ரெட்டியார்சத்திரம். நான்காம் நாள் ஒட்டன்சத்திரம். ஐந்தாம் நாள் சத்திரப்பட்டி, ஆயக்குடி, பழனி. மொத்தம் 120 கிலோமீட்டர் வரும்.

போன தையில் அந்த மூன்றாம் நாள் ராத்திரிதான் இதை எழுத வைக்கிறது. ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தோம். எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் வேறொரு குழுவுக்கு விட்டிருக்கிறார்கள். பணத்தை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாகத் தார்ப்பாயை விரித்துப் படுத்தோம். அத்தைக்கு 64 வயது. விடிய விடிய லாரி வெளிச்சம் முகத்தில் அடித்தது. தைப் பனி வேறு.

விடியும் நேரத்தில் தண்ணீர் தேடி உள்பக்கமாக நடந்தோம். முந்நூறு அடி கூட இருக்காது, வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு பழைய சத்திரம் நின்றது. முன்னால் எட்டுக் கல்தூண். இரண்டு பக்கமும் ஆள் புரண்டு படுக்கலாம் போல அகலத் திண்ணை. கம்பிக் கதவு வழியாகப் பார்த்தால் நடுவில் முற்றம், அதற்குப் பின்னால் இருட்டு. கதவில் பூட்டு. பூட்டில் துரு. அத்தை அந்தத் திண்ணைக் கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "நம்மள மாதிரி நடந்து வர்றவங்களுக்குத்தானே கட்டிப்போட்டிருக்காங்க, நாம போயி ரோட்டுல கெடந்திருக்கோமே" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கதவு மனதை விட்டுப் போகவில்லை. திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை 60 கிலோமீட்டர்தான். அதற்குள் ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று நான்கு ஊர்ப் பெயரில் சத்திரம் இருக்கிறது. நடக்கிறவர்களின் காலைப் பார்த்துத்தான் ஒவ்வொரு சத்திரத்தையும் எழுப்பியிருக்கிறார்கள் என்பது அந்த வழியில் நடந்தால் புரியும். கால் இனி முடியாது என்று சொல்லும் இடத்தில் ஒரு சத்திரத்து ஊர் வருகிறது. இன்றைக்குத் தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் நடக்கிறோம். படுப்பது பங்க் ஓரத்திலும் பள்ளிக்கூட வராந்தாவிலும்.

இந்த வழியில் பழைய சத்திரத்திலோ மடத்திலோ மண்டபத்திலோ யாராவது தங்கியிருக்கிறீர்களா? பூட்டிக் கிடப்பதைத் திறக்க யாரிடம் கேட்க வேண்டும்?

நடைமீட்டர்

அக்கா, வணக்கம். நான் இரண்டு ராத்திரியில் பழனி போய்ச் சேருகிற ஆள். திண்டுக்கல்லில் ஒரு ராத்திரி, ஒட்டன்சத்திரத்தில் ஒரு ராத்திரி. இரண்டு ஊரிலும் லாட்ஜ் உண்டு. ஒரு மாதம் முன்னாலேயே போனில் சொல்லி வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. வெந்நீர் கிடைக்கும், கட்டில் கிடைக்கும், செல்லுக்குச் சார்ஜ் போடலாம்.

பழைய கட்டடத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் புரிகிறது. ஆனால் விரதம் இருந்து நடக்கிறவனுக்கு நடைதானே முக்கியம்? பூட்டிக் கிடக்கிற சத்திரத்தைத் திறக்க அலைவதை விட, நடை தூரத்தைக் கூட்டினால் ஒரு ராத்திரி மிச்சம். இதை வாதத்துக்காகச் சொல்லவில்லை. உங்கள் குழு பங்க் ஓரத்தில் படுத்ததைப் படிக்கக் கஷ்டமாக இருந்தது.

வைகைத்தென்கரை

தம்பி, உங்கள் வயதில் ஒரு நாளில் 40 கிலோமீட்டர் போகலாம். எங்கள் கூட்டத்தில் 64 வயதும் உண்டு, 9 வயதும் உண்டு. பூச நேரத்தில் திண்டுக்கல்லில் பத்துப் பேருக்கு ஆளுக்குக் கட்டில் என்றால் என்ன செலவு ஆகும் என்று கணக்குப் பாருங்கள். எங்கள் தெருவில் பூக்கட்டுகிறவர், இட்லிக்கடை வைத்திருக்கிறவர் எல்லாம் வருகிறார்கள்.

அப்புறம், தங்குவது நடைக்கு வெளியே இருக்கும் விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. நம்ம அழகர் சித்திரையில் மலையை விட்டுக் கிளம்பி 20 கிலோமீட்டர் சொச்சம் வருகிறார். ஒரே மூச்சாகவா வருகிறார்? கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, தல்லாகுளம் என்று 400க்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறார். ஆற்றில் இறங்கின பிறகும் வண்டியூர், தேனூர் மண்டபம், ராமராயர் மண்டபம், சேதுபதி மண்டபம் என்று தங்கித்தான் மலைக்குத் திரும்புகிறார். வழியில் இருக்கிற ஊர்க்காரன் தன் வாசலில் அவரை நிறுத்தி உபசரிக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பயணம் அப்படி அமைந்திருக்கிறது. மதுரையில் பிறந்த நமக்கு இது தெரியாதா என்ன?

வளவு

காரைக்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், ஆச்சி. நாங்கள் குன்றக்குடி போய், அங்கிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குக் காவடி எடுக்கிற கூட்டம். 400 வருடத்துக்கு மேலாக நடக்கிறது. முன்னால் ரத்தினவேல் என்கிற முருகன் வேல் வரும். பூசம் முடிந்து திரும்பி வருவதும் நடைதான்.

எங்களுக்குத் தங்கும் கவலை வராததன் காரணத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம். எந்த நாள் எந்த ஊர், எங்கே காலைப் பலகாரம், எங்கே ராத்திரிச் சாப்பாடு என்பது தலைமுறை தலைமுறையாக மாறாமல் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கும் அது தெரியும். காவடி வருகிற அன்று கிணற்றடியைக் கழுவி வைத்திருப்பார்கள். கட்டடம் இருந்தால் மட்டும் போதாது. இந்தத் தேதியில் ஆள் வரும் என்று தெரிந்தால்தான் கட்டடத்தை யாராவது கவனிப்பார்கள்.

எங்கள் நகரத்தார் முன்னோர் காசியில் 1863இல் நகரச் சத்திரம் தொடங்கினார்கள். இன்றைக்கும் நடக்கிறது. போகிறவர்கள் நிற்கவில்லை, அதனால் சத்திரமும் நிற்கவில்லை. நீங்கள் ஒரே ஒரு வருடம் திறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். வருடாவருடம் இந்தத் திதிக்கு இத்தனை பேர் வருவோம் என்று வாக்குக் கொடுத்துக் கேளுங்கள். கேட்கிற விதம் மாறினால் பதிலும் மாறும்.

பழைய சோழவந்தான்

எனக்கு வயது 78. எங்கள் ஐயா காலத்தில் சோழவந்தானிலிருந்து நிலக்கோட்டை, செம்பட்டி வழியாகத்தான் பழனிக்குப் போவார்கள். பத்து வயதில் ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனார். சோறு கட்டுச்சோறு, புளிச்சோறு. ராத்திரி சத்திரத்தில் படுக்கை.

அந்தக் காலத்துச் சத்திரம் எப்படி நடந்தது என்பதை இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கட்டினவர் கட்டடத்தோடு விடமாட்டார். கூடவே நிலம் எழுதி வைப்பார். அந்த நெல்லில்தான் அடுப்பு எரியும், விளக்குக்கு எண்ணெய் வரும், காவல்காரனுக்குக் கூலி போகும். வழிப்போக்கன் மூன்று நாள் தங்கலாம், அதற்கு மேல் போகக்கூடாது என்பார் ஐயா. நோயாளி என்றால் அந்தக் கணக்கு கிடையாது. தஞ்சாவூர்ச் சீமையில் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் கட்டின முக்தாம்பாள் சத்திரத்தில் சாப்பாட்டோடு பள்ளிக்கூடமும் நடந்தது, பிள்ளைத்தாய்ச்சிகளையும் கவனித்தார்கள்.

நம்ம ஊரில் இதற்குப் பெயர் எடுத்தவர் ராணி மங்கம்மாள்தான். மகன் இறந்து, பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது 1689இல் பொறுப்பை ஏற்று ஏறக்குறைய 1706 வரை ஆண்ட அம்மா. சாலை போட்டு, மரம் வைத்து, சத்திரம் கட்டினார். தெற்கே போனால் இன்னமும் மங்கம்மாள் சாலை என்றுதான் சொல்கிறார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது. அந்தச் சத்திரத்துக்கு எதிரே ரயில் நிலையம் வந்தது என்பதுதான் சரி. ரயில் 1875இல்தானே வந்தது.

ரயிலும் அதற்குப் பின்னால் பஸ்ஸும் வந்துதான் சத்திரங்களைக் காலி செய்தன. காலையில் ஏறினவன் மத்தியானம் பழனியில் இறங்குகிறான், அவனுக்கு நடுவழியில் படுக்கை எதற்கு? ஆள் வராத சத்திரத்தின் நிலம் கேட்பாரில்லாமல் போனது. பல சத்திரம் ஜில்லா போர்டுக்குப் போனது. சிலதைப் பள்ளிக்கூடமாக்கினார்கள், அது நல்ல காரியம். சிலது கடையாகிவிட்டது.

சத்திரத்துக்கும் முன்னால் சுமைதாங்கி என்று ஒன்று சாலையோரம் இருக்கும். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல். தலைச்சுமையை இன்னொருவர் கை கொடுக்காமலே இறக்கலாம், மறுபடி தூக்கலாம், அந்த உயரத்தில் இருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை வைப்பார்கள். அவள் இறக்கி வைக்காமல் போன பாரத்தை ஊரார் அங்கே இறக்கி வைப்பதாக ஐதீகம். இடும்பன் கதையும் அதுதானே. சிவகிரியையும் சக்திகிரியையும் காவடியாகத் தூக்கிக்கொண்டு வந்தவன் களைத்துப்போய் இறக்கி வைத்த இடம்தான் பழனி. இளைப்பாற இறக்கியதைத் திரும்பத் தூக்க முடியவில்லை. சாலையில் சுமைதாங்கியைப் பார்த்தால் ஒரு நிமிடம் தொட்டுவிட்டுப் போங்கள்.

தார்ரோடு

ராத்திரி நடக்கிறவர்களுக்கு ஒன்று. சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி நடங்கள். பையில் ஒட்டும் மினுங்கும் ஸ்டிக்கரை முதுகில் மட்டும் ஒட்டாமல் நெஞ்சிலும் ஒட்டுங்கள். நான் லாரி ஓட்டுகிறேன். கருப்பு, நீல வேட்டி பனியில் சுத்தமாகத் தெரியாது. தூக்கக் கலக்கத்தில் நடக்கிற ஆள் எந்தப் பக்கம் சாய்வார் என்று ஓட்டுகிற எங்களுக்குத் தெரியாது. அக்கா சொல்கிற மாதிரி இடையில் படுக்க இடம் இருந்தால் பாதிப் பேர் ராத்திரி நடக்கவே மாட்டார்கள். அதற்காகவே இது நடக்க வேண்டும்.

மேலூர்ச்சாலை

இழையை முதலிலிருந்து படித்தேன். நல்ல நோக்கத்தோடுதான் எல்லோரும் எழுதுகிறீர்கள். ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

என் தாத்தா மாட்டுவண்டியில் பாரம் அடித்தவர். மதுரை, நத்தம், திண்டுக்கல் எல்லாம் அவர் கால் பட்ட சாலை. எத்தனையோ சத்திரத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். ஒன்றின் முற்றத்தையும் அவர் பார்த்ததில்லை. படுப்பது வண்டிக்கு அடியில். சத்திரத்துக் கிணற்றில் அவர் வாளி போட முடியாது. யாராவது இறைத்து ஊற்றினால் இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடிக்க வேண்டும். ஊற்ற ஆள் இல்லையென்றால் வாய்க்கால் தண்ணீர். பல சத்திரங்களில் உள்ளேயே ஒரு சாதிக்கு ஒரு பந்தி, இன்னொரு சாதிக்கு இன்னொரு இடம். எங்களுக்கு அந்த இன்னொரு இடமும் கிடையாது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் எங்கள் ஆட்கள் போனதே 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர் கூட்டிப்போனபோதுதான்.

வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு போட்ட சத்திரம் என்று கேட்கும்போது என் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அக்காவின் அத்தை "நம்மள மாதிரி நடந்து வர்றவங்களுக்கு" என்று சொன்னதைப் படித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

திறக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் பழனிக்கு நடக்கிறோம். முருகன் எங்களுக்கும் சாமி. திறந்தால் திண்ணையோடு நிறுத்தாமல் உள்கட்டு வரைக்கும், கிணறு வரைக்கும் திறக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு திறங்கள்.

வைகைத்தென்கரை

தம்பி மேலூர்ச்சாலை, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை.

அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், அவர் சின்ன வயதில் ஊரில் ஒரு சத்திரம் இருந்ததாம். அங்கே தண்ணீர் ஊற்றுகிற வேலை அவருடைய அம்மாவுக்கு. குவளை குடிக்கிறவர் கையில் படாமல் உயரத் தூக்கி ஊற்றச் சொல்வார்களாம். "எங்கம்மா ஊத்துறப்ப நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். குடிக்கிறவங்க முகத்தப் பாத்ததில்ல" என்றார். இதை இதுவரை எங்கள் யாரிடமும் அவர் சொன்னதில்லை.

நீங்கள் சொன்னது சரி. நான் கல்தூணையும் திண்ணையையும் பார்த்துவிட்டு அந்தக் கட்டடத்தின் முழுக் கதையும் தெரிந்தது போல எழுதிவிட்டேன். எந்தச் சத்திரத்தைத் திறக்கக் கேட்டாலும், முதலில் வருகிறவர்களுக்கு முதல் இடம், உள்கட்டு எல்லோருக்கும், கிணறும் எல்லோருக்கும், பந்தி ஒன்றுதான் என்று முன்னாலேயே பேசிவிட்டுத்தான் கேட்பேன். ஒத்துக்கொள்ளாத இடத்தில் நாங்கள் தங்கமாட்டோம். பங்க் ஓரமே போதும்.

இரவுப்பணி

நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். தைப்பூசம் முடிந்த வாரம் வருகிறவர்களை வருடாவருடம் பார்க்கிறேன்.

கால் கொப்புளத்தோடு வருகிறவர்களைப் பற்றி எல்லோரும் பேசுவீர்கள். நான் சொல்ல வந்தது பெண்கள் வெளியே சொல்லாத ஒன்று. வழியில் கழிப்பறை கிடையாது என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். நாலைந்து நாள் வெயிலில் நடந்து, தண்ணீரும் குடிக்காமல், அடக்கியும் வைத்து, கடைசியில் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக வந்து படுக்கிறார்கள். அதனால், அக்கா, சத்திரத்தைத் திறக்க யாரிடம் கேட்டாலும் முதலில் கழிப்பறையைக் கேளுங்கள். கூரை அதற்கப்புறம். கதவுக்கு உள்தாழ்ப்பாள், ஒரு குண்டு பல்பு, ஒரு வாளி தண்ணீர் இருந்தால் போதும்.

வெறுங்காலோடு நடப்பது வேண்டுதல் என்றால் நான் தடுக்கமாட்டேன். சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து அந்த வேண்டுதலை மாற்றிக்கொள்ளுங்கள். அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். தார் சுட்டது தெரியாது, முள் ஏறியது தெரியாது. தெரியவரும்போது புண் ஆழமாகிவிட்டிருக்கும். மற்றவர்கள் காலை பத்து மணிக்கு மேல் தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கொப்புளம் வந்தால் தோலை உரிக்காதீர்கள், அந்தத் தோல்தான் உள்ளே இருக்கிற சதைக்குக் காவல். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, சுத்தத் துணியால் மூடுங்கள். ராத்திரி படுக்கும்போது காலைத் தலையணைக்கு மேல் தூக்கி வையுங்கள். பங்க் ஓரத்தில் உட்கார்ந்தே தூங்கினால் மறுநாள் கால் வீங்கித்தான் இருக்கும். நீட்டிப் படுக்க ஒரு திண்ணை வேண்டும் என்பதற்கு என் காரணம் இது.

கரணை

கொத்தனார் வேலை பார்க்கிறேன். பழைய வீடு, கோயில் மதில், மண்டபம் என்று சுண்ணாம்பு வேலைதான் பெரும்பாலும். யாரும் உள்ளே படுப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள்.

எட்டுக் கல்தூண் நிற்கிறது என்று அக்கா எழுதியிருந்தார். கல்தூண் கெட்டுப்போவது அபூர்வம். கெடுவது மேலே. அந்தக் காலத்து மட்டப்பாவில், அதாவது தட்டைக் கூரையில், தேக்கையோ பனங்கட்டையையோ வரிசையாகப் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கல்லைச் சரித்து நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் காரை கொட்டி அடித்து, மேலே தட்டை ஓடு பதித்திருப்பார்கள். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் நூறு வருடம் தாண்டி நிற்கும். பார்க்காமல் விட்டால் தட்டோட்டு இடுக்கில் அரசங்கன்று முளைக்கும். கன்றை மேலோடு வெட்டினால் வேர் உள்ளே பெருக்கும். வேரைப் பிடுங்கி, அந்தக் குழியைச் சுண்ணாம்பு வைத்து அடைக்க வேண்டும்.

உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது கட்டை சுவருக்குள் நுழைகிற இடம். நடுக்கட்டை நன்றாக இருக்கும், நுனிதான் ஈரம் குடித்து உளுத்திருக்கும். நீள ஆணி ஒன்றை எடுத்து அந்த இடத்தில் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நின்றால் பயமில்லை. வெண்ணெயில் போவது போல இறங்கினால் அந்தப் பத்தியில், அதாவது அந்தக் கூரைப் பகுதிக்குக் கீழே, ஒருவரும் படுக்கக்கூடாது, முட்டுக் கொடுத்த பிறகுதான். கூரையில் ஈரத்திட்டு இருக்கிற இடமும் அப்படித்தான்.

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசிவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் உபயதாரர்கள் செய்கிற பெரிய தப்பு இதுதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். சிமென்ட் பூசினால் விட வழியில்லாமல் ஈரம் உள்ளேயே நின்று, ரெண்டு மழைக்காலத்தில் சுவரோடு பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்பை நீற்றி, பல நாள் ஊறவிட்டு, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறின தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூச வேண்டும். நாள் பிடிக்கும். ஆனால் அதுதான் அந்தச் சுவரோடு ஒட்டும்.

ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். மார்கழியில் எனக்கு வேலை குறைவு. கூலி வேண்டாம், சாமான் மட்டும் வாங்கிக் கொடுங்கள்.

நடைமீட்டர்

முதலில் நடை தூரத்தைக் கூட்டச் சொல்லி எழுதியது நான்தான். தார்ரோடு அண்ணன் எழுதியதையும் செவிலியர் அக்கா எழுதியதையும் படித்த பிறகு அப்படி நினைக்கவில்லை. போன வருடம் விடியற்காலை இரண்டு மணிக்கு நடந்து வரும்போது எங்கள் குழுப் பையன் ஒருவன் நடந்தபடியே தூங்கிச் சாலைக்கு நடுவில் போய்விட்டான். அதை வீரமாக நினைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். கரணை அண்ணனுக்குச் சுமை தூக்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் ஆறு பேர் வருகிறோம்.

புளியமரத்தடி

எல்லோருக்கும் வணக்கம். புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். இந்த இழையை ஒருவர் எங்கள் ஊர் வாட்ஸப்பில் போட்டிருந்தார்.

அந்த எட்டுத்தூண் சத்திரம் எங்கள் ஊர்தான், அக்கா. வேப்பமரம், பங்க் எல்லாம் அடையாளம் சரியாக இருக்கிறது. ஊர்ப் பெயரை இங்கே போடவில்லை, பூசத்தன்று ஆயிரம் பேர் வந்து நின்றால் எங்களால் தாங்க முடியாது. என் சின்ன வயதில் நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் அங்கே தண்ணீர்ப்பந்தல் நடந்ததாகச் சொல்வார்கள். எங்கள் சாலையில் முன்பு வரிசையாகப் புளியமரம் இருந்தது. சாலையை அகலப்படுத்தினபோது போய்விட்டது. நடக்கிறவர்கள் மத்தியானம் உட்கார அதற்குப் பின்னால் இடமே இல்லை. எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு மோர் கொடுக்கிறோம், அவ்வளவுதான் எங்களால் முடிகிறது.

சாவி கட்டினவர் வழியில் வந்த ஒரு பெரியவரிடம் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். வளவு சொன்ன மாதிரிதான் கேட்டேன், ஒரு வருடத்துக்கு என்று கேட்கவில்லை, வருடாவருடம் பூசத்துக்கு நாலு நாள் முன்னால் என்று கேட்டேன். அவருக்கு முதல் பயம் குடித்துவிட்டு யாராவது தங்குவார்களோ, கூரை விழுந்து யாருக்காவது ஏதாவது ஆகி வழக்கு வருமோ என்பது. நியாயமான பயம். கொத்தனார் பார்த்துச் சரி என்று சொன்னால் தருகிறேன் என்றார்.

மேலூர்ச்சாலை எழுதியதையும் அவரிடம் படித்துக் காட்டினேன். மறைத்துவிட்டுச் சாவி வாங்க எனக்கு மனமில்லை. அவர் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் அவரே கூப்பிட்டு அனுப்பினார். தன் அப்பா காலத்தில் உள்கட்டில் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்று தனக்குத் தெரியும் என்றார். உள்கட்டுக் கதவுக்குத் தனிப் பூட்டு ஒன்று உண்டு. அந்தச் சாவியையும் எடுத்துக் கையில் கொடுத்தார். "ரெண்டையும் நீயே வச்சுக்க, ரெண்டையும் திற" என்றார்.

கரணை

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இடப்பக்கத்துப் பத்தியில் மூன்று கட்டை நுனி உளுத்துப்போய்விட்டது. அங்கே இரும்பு முட்டுக் கொடுத்து, கயிறு கட்டி அடைத்துவிடலாம், இந்த வருடம் அங்கே யாரும் படுக்க வேண்டாம். வலப்பக்கமும் முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரமும் உறுதியாக இருக்கிறது. மேலே மூன்று அரசங்கன்று. நடைமீட்டர் தம்பியும் அவர் நண்பர்களும் வந்து பிடுங்கிக் கொடுத்தார்கள். கடுக்காய் ஊறப்போட்டாயிற்று.

இரவுப்பணி

கழிப்பறை?

புளியமரத்தடி

பின்னால் இரண்டு கட்டியாயிற்று, அக்கா. தகரக் கூரைதான். உள்தாழ்ப்பாள் இருக்கிறது, பல்பு இருக்கிறது. கிணறு தூர்வாரினோம். தண்ணீர் தெளிந்துவிட்டது, ஆனால் குடிக்க வேண்டாம். குடிப்பதற்குக் கேன் வைக்கிறோம். கிணற்றில் ராட்டினம் புதிதாக மாட்டியிருக்கிறோம், வாளி நாலு. தாழ்வாரத்தில் நாற்பது பேர் தாராளமாகப் படுக்கலாம், திண்ணையில் பதினைந்து பேர். ராத்திரிக்கு எங்கள் தெருவில் கோதுமை ரவை உப்புமாவும் சுக்குக் காப்பியும் போடுகிறார்கள். அளவு வைக்க வேண்டும், எத்தனை பேர் என்று சொல்லுங்கள்.

வைகைத்தென்கரை

நாங்கள் பதினொரு பேர். அதில் சின்னப் பிள்ளை ஒன்று. அத்தை முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துத் தயாராக இருக்கிறார். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்துவிடுவோம். பாய், போர்வை நாங்கள் கொண்டுவருகிறோம்.

தம்பி மேலூர்ச்சாலை, நீங்களும் அந்த வழியாகத்தானே வருவீர்கள்? உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மேலூர்ச்சாலை

நாலு பேர், அக்கா. அப்பாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். உள்கட்டில் ஒரு ஓரமாக இடம் போட்டு வையுங்கள்.